கல்லில் விட்ட இடம்

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பட்டாளக் கல்லறையில் நிறுத்தப் போகும் சிலைக்கு அடியில் என்ன எழுத்து வரும் என்று இன்று முன்னாள் படைவீரர் சங்கத்தில் படித்துக் காட்டினார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

எல்லாருக்கும் ஒரே முறை. பெயர், பதவி, விழுந்த இடம், வருஷம். சின்னப்பன், சிப்பாய், பிரான்ஸ், 1916. ஏழுமலை, லான்ஸ் நாயக், பர்மா, 1944. இப்படியே வந்தது. கார்கிலுக்கு முந்தின வரியில் என் மகன். கஜேந்திரன், சிப்பாய், 1987. அவ்வளவுதான். இடம் இல்லை.

எழுந்து நின்றேன்.

"என் பையன் எங்க செத்தான்னு போடலியே."

தலைவர் தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றினான். சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவன். என்னைவிடப் பத்து வயது சின்னவன்.

"உக்காருணா. கூட்டம் முடியட்டும், பேசலாம்."

"கூட்டம் முடிஞ்சு பேசறதுக்கு நான் இன்னா சம்பந்தம் பேசவா வந்துகிறேன்?"

சிலர் சிரித்தார்கள். நான் உட்காரவில்லை. கடைசிவரை நின்றுகொண்டே இருந்தேன். வெளியே வந்ததும் தணிகாசலம் என் தோளில் கை வைத்தான். தட்டிவிட்டேன்.

"வாணாம்னு ஒருத்தங்க கேட்டுக்கினாங்கணா. மனசு வுட்டுக் கேட்டாங்க. இத்தோட வுட்டுடு" என்றான்.

யார் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. திறப்பு விழாவுக்கு வரப்போகிற பிரமுகர் மேடைக்கு மேடை ஈழத்துக்காகக் கண்ணீர் விடுகிறவர். அமைதிப்படையில் போன இந்தியச் சிப்பாய் யாழ்ப்பாணத்தில் செத்தான் என்று எழுதிய கல்லுக்கு அவர் எப்படி மாலை போடுவார்? அதற்காக என் மகன் எங்கேயும் சாகாதவன் ஆகிவிட்டான்.

ஆகஸ்ட் 19, திங்கள்

தூக்கம் வரவில்லை. கோபத்தை எழுதி வைக்கிறேன்.

எங்கள் செங்கல்தாங்கலில் வீட்டுக்கு ஒருவன் பட்டாளத்துக்குப் போவது வழக்கம். யார் வீட்டில் ஆள் விழுந்தானோ, அந்த வீட்டுக்கு அவன் விழுந்த இடத்தின் பெயர் வந்துவிடும். பர்மா வீடு. லடாக் வீடு. கார்கில் வீட்டில் போன மாதம் காது குத்தினார்கள். பத்திரிகையிலேயே 'கார்கில் வீடு' என்று அச்சடித்திருந்தார்கள். தபால்காரருக்குக் கதவு எண் தெரியாது, இதுதான் தெரியும்.

என் வீட்டுக்குப் பெயர் தண்ணித்தொட்டி வீடு. எதிரில் பஞ்சாயத்துத் தொட்டி இருக்கிறது. மகனைக் கொடுத்த வீட்டுக்குத் தொட்டியின் பெயர்.

சாம்பல் வந்தபோது காட்பாடி ஸ்டேஷனில் நானும் என் மைத்துனனும்தான் நின்றோம். ஒரு ஜவான் செம்பைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டான். பர்மா வீட்டுக்காரனுக்கு வெள்ளைக்காரன் காலத்திலேயே பேண்டு வாசித்தார்களாம். திரும்பி வரும் பஸ்ஸில் எவனோ ஒருவன், தமிழனைச் சுடப் போனவனுக்கு இது வேண்டியதுதான் என்று பேப்பரைப் பார்த்துச் சொன்னான். என் மடியில் இருந்த செம்பில் யார் இருக்கிறார் என்று அவனுக்குத் தெரியாது. செம்பை மைத்துனனிடம் கொடுத்துவிட்டு அவன் சட்டையைப் பிடித்தேன். எங்களைத்தான் இறக்கிவிட்டார்கள்.

அன்றையிலிருந்து ஊரில் எவனும் அந்த இடத்தின் பெயரை வாயால் சொன்னதில்லை. என் எதிரில் சொன்னால் எனக்கு வருத்தம் வருமாம். வருத்தம் வருமா என்று என்னை யார் கேட்டார்கள்?

எனக்குப் பட்டாளத்தில் சேர ஆசை இருந்தது. மார்பளவு போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். அதனால்தான் பையனைப் பிடித்துத் தள்ளினேன் என்று ஒரு பேச்சு உண்டு. பேசட்டும். அவன் போகமாட்டேன் என்று சொன்னது விளையாட்டாக.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கிணற்று மோட்டார் ஓடவில்லை. பகல் முழுவதும் அதோடு போராடினேன்.

என் வீட்டுக்காரி பட்டம்மாள் போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் தணிகாசலம் வீட்டுக்கு முருங்கைக்காய் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். எதிர்வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்தது. இனி அந்த வீட்டுக்கு என் மரத்துக் காய் ஒன்றுகூடப் போகக்கூடாது என்று சொன்னேன். பட்டம்மாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

பிரமுகருக்கு ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். பள்ளிக்கூடம் போகாதவன் எழுதியது என்று யாரும் சொல்ல முடியாது. தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்றுகொண்டே, சுவரில் ஒட்டியிருந்த பேப்பரைப் பார்த்து எழுத்துக் கற்றவன் நான். மேஸ்திரி திட்டத் திட்டக் கற்றேன். எனக்கு ஒரு சொல் எவ்வளவு விலை என்று தெரியும்.

செப்டம்பர் 2, திங்கள்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை உப்பு.

பிரமுகரின் உதவியாளர் போனில் பேசினார். "ஐயாவுக்கு இந்த விசயமே தெரியாதுங்க. கல்லுல இன்னா எழுதறாங்கன்னு அவரு கேக்கவே இல்லீங்களே. நீங்க தாராளமா எழுதிக்குங்க" என்றார்.

எவ்வளவு சுத்தமான பொய். இந்த மாதிரி ஆட்கள் நேராக மறுக்கமாட்டார்கள். தணிகாசலத்திடம் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வார்கள்.

செப்டம்பர் 11, புதன்

யோகேஸ்வரி வந்திருந்தாள். தொண்ணூறில் இலங்கையிலிருந்து படகில் வந்து, பக்கத்து அகதி முகாமில் இருப்பவள். ஜாக்கெட் தைக்கிறாள். அளவு எடுக்க வந்த பழக்கம். முப்பது வருஷம் ஆகப்போகிறது, இன்னும் வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறாள். அவள் வருகிற நாளில் பட்டம்மாள் முகம் கழுவித் தலை வாரிக்கொள்வாள். பட்டம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. நான் கற்றுக் கொடுக்கிறேன் என்றபோது, உனக்குப் பொறுமை இல்லை என்றுவிட்டாள். மாத்திரை அட்டையைக்கூட யோகேஸ்வரிதான் படித்துச் சொல்கிறாள். நான் வீட்டில் இருக்கும்போதே. நான் அவளோடு பேசுவதில்லை. அவளும் என்னைக் கண்டால் புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு ஒதுங்கிப் போவாள்.

அவளுடைய பெண் குழந்தை ஒன்று அங்கே செல் குண்டு விழுந்து செத்துப்போயிற்று என்று பட்டம்மாள் ஒருமுறை சொன்னாள். எந்த வருஷம் என்று நான் கேட்கவில்லை. ஐப்பசி பிறக்கும் சமயத்தில் இரண்டு பேரும் சேர்ந்து விளக்கு ஏற்றுவார்கள். கஜேந்திரனுக்கு ஒன்று, அந்தக் குழந்தைக்கு ஒன்று. பிறகு கல்லறைக்குப் போய் அவன் பெயர் மட்டும் வெட்டிய சின்னக் கல்லில் பூ வைத்துவிட்டு வருவார்கள். ஒரே வாரத்தில் வருவது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

இன்று பின்கட்டில் இருவரும் பேசியது என் காதில் விழுந்தது.

"சிலை திறக்கிற அண்டைக்கு நானும் வாறன் அக்கா. தம்பிக்குப் பூ வைக்கவேணும்."

"கூட்டமா இருக்கும் யோகம். நாம மறுநாள் போலாம்."

"சனம் நிண்டா என்ன? அந்தக் காஷ்மீர்க் குளிருக்க கிடந்து என்ன பாடு பட்டுதோ பிள்ளை. அண்டைக்கு நான் நிக்காட்டி ஆர் நிக்கிறது?"

காஷ்மீராம். இவளுக்கு யார் சொன்னது? திருத்திவிட்டு வரலாம் என்று எழுந்தேன். பட்டம்மாள் ஓடி வந்து வாசற்படியில் மறித்தாள்.

"பால் வாங்கினு வா."

"காலையில வாங்கினது?"

"திரிஞ்சு போச்சு."

போய் வாங்கி வந்தேன். அடுப்பு மேல் காலைப் பால் அப்படியே இருந்தது. திரியவில்லை. இந்த வீட்டில் எதற்கும் ஒரு ஒழுங்கு கிடையாது.

செப்டம்பர் 15, ஞாயிறு

சிலையைப் பார்க்கப் போனேன். ஹைவேயில் லோகநாத ஸ்தபதியின் பட்டறை. கோயில் சிலைகள் செய்கிறவன். பிள்ளையாருக்கும் அம்மனுக்கும் நடுவில் எங்கள் சிப்பாய் நிற்கிறான்.

நன்றாகத்தான் செய்திருக்கிறான், அதைச் சொல்ல வேண்டும். ஒரே கருங்கல். ஆளும் அடிப்பீடமும் ஒன்றாகவே வெட்டியது. துப்பாக்கியைத் தலைகீழாகப் பூட்ஸ் மேல் ஊன்றி, இரண்டு கையையும் அதன் கட்டை மேல் வைத்து, தலை குனிந்து நிற்கிறான். அடக்கத்தின்போது பட்டாளத்தில் அப்படித்தான் நிற்பார்கள். முகத்தில் கண் மட்டும் இல்லை. வழுவழுவென்று மூடியிருக்கிறது.

"கண்ணு கடைசியிலதான் பெரியவரே" என்றான் ஸ்தபதி. "எழுத்தெல்லாம் வெட்டி, மெருகு போட்டு, எல்லா வேலையும் முடிஞ்சப்புறம்தான் கண்ணத் தொறப்பேன். தொறந்துட்டா அப்புறம் அந்தக் கல்லு மேல உளி படக்கூடாது."

"இது சாமி இல்லியே."

"சிப்பாய்க்கும் கண்ணு கண்ணுதான். எங்க அப்பா அப்படித்தான் செய்வாரு. கண்ணு தொறந்த ஒடம்புல உளி வெச்சா குத்தற மாதிரி."

வீட்டுக்கு வந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கண் திறந்துவிட்டால் எவனும் ஒரு எழுத்தைச் சேர்க்க முடியாது. ஒரு எழுத்தை எடுக்கவும் முடியாது.

செப்டம்பர் 22, ஞாயிறு

தினமும் பட்டறைக்குப் போகிறேன். ஒரு அம்மனின் முழங்கால் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். ஸ்தபதிக்கு என்னைப் பிடிக்கவில்லை. ஆனால் தேநீர் சொல்கிறான்.

எழுத்து வெட்ட ஆரம்பித்துவிட்டான். சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு, சிவப்புச் சாயத்தில் எழுதி, பிறகு உளி. என் மகன் வரி வந்தது. பெயர், பதவி, பிறகு வெற்றிடம், பிறகு வருஷம்.

"இது இன்னா பெரியவரே, பல்லு போன மாதிரி நிக்குது?" என்று அவனே கேட்டான். "எல்லா வரியும் நெறைவா இருக்குது. இது மட்டும் கண்ண உறுத்துது."

"யாழ்ப்பாணம்னு வரணும். எழுத மறந்துட்டாங்க."

"சங்கத்துல கேட்டீங்களா?"

"கேட்டேன்" என்றேன். கேட்டது உண்மை. என்ன பதில் சொன்னார்கள் என்று அவன் கேட்கவில்லை. கேட்காததற்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

செப்டம்பர் 28, சனி

மகாளய அமாவாசை. ஏரிக்கரையில் எள்ளும் தண்ணீரும் விட்டேன். அப்பனுக்கு மகன் செய்ய வேண்டியது. எங்கள் வீட்டில் திருப்பி.

மாலையில் பட்டறைக்குப் போனேன். ஆறு எழுத்து. என் கண் முன்னால் ஒவ்வொன்றாக வெட்டினான். முதல் எழுத்தில் கால் கொஞ்சம் நீளம் என்றேன். அவன் உளியை என் கையில் நீட்டினான். வாங்கிக்கொள்ளவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

நாளை ஆயுத பூஜை. உளி சுத்தியல் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்து அடுக்கிவிடுவார்கள். பிறகு விஜயதசமி கழித்துத்தான் தொடுவார்கள். அதற்கு முன்னால் கண்ணைத் திறந்துவிடு, விழாவுக்கு நெருக்கத்தில் அவசரப்படாதே என்று ஸ்தபதியிடம் நான்தான் சொல்லி வைத்திருந்தேன். அவனுக்கும் வேலை முடிந்தால் போதும் என்று இருந்தது.

விடியற்காலையில் போனேன். ஸ்தபதி குளித்துவிட்டு ஈர வேட்டியோடு நின்றான். சாரத்தில் ஏறி, சின்ன உளியால் தட்டினான். சத்தமே வரவில்லை. ஊதித் தூசியைத் தள்ளினான். இரண்டாவது கண்ணை முடிக்கும் முன் திரும்பிப் பார்த்தான்.

"பெரியவரே, அங்க நிக்காதீங்க. நகருங்க. மொதப் பார்வை ஆள் மேல விழக்கூடாது. கண்ணாடி எடுத்தாந்து காட்டறேன்."

நான் நின்ற இடம் பீடத்துக்கு நேர் முன்னால். எழுத்துப் படிக்க நிற்கிறவன் நிற்கும் இடம். குனிந்த தலையிலிருந்து பார்வை நேராக அங்கேதான் விழும்.

"நகருங்கன்னா கேளுங்க."

நகரவில்லை. என் மகன் வரிக்கு எதிரில் நான் நிற்காமல் யார் நிற்பது?

அவன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு இரண்டு தட்டுத் தட்டினான். முடிந்தது. அவ்வளவுதான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. பனியில் நின்றதால் கண்ணில் கொஞ்சம் தண்ணீர் வந்தது.

அக்டோபர் 9, புதன்

தணிகாசலம் பட்டறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்தான். பட்டம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். வாசலிலேயே கத்த ஆரம்பித்தான்.

"யாரக் கேட்டு வெட்டச் சொன்ன?"

"யாரக் கேக்கணும்? பெத்தவன் நான்."

"அந்த ஆளு இப்ப உளி வெக்க மாட்டேன்றான். காலப் புடிச்சுக் கேட்டேன், கண்ணு தொறந்தாச்சின்றான். வேணும்னேதான் செஞ்சிருக்க நீ."

"வேணும்னேதான். போய் உன் பிரமுகர் கைல சொல்லு. மால போட வாணாம்னு சொல்லு. கல்லு அவர் மாலைக்கு அழுவாது."

"எந்தப் பிரமுகரு?" என்றான் தணிகாசலம். பிறகு கத்தல் நின்றுவிட்டது. வாசற்கல்லில் உட்கார்ந்தான். "அட, நீ அப்படியா நெனச்சிகினு இருந்த? அந்த ஆளுக்கு இன்னாணா தெரியும். உன் வீட்டுக்காரம்மாதான் வந்து கேட்டாங்க. ரெண்டு வாட்டி வந்தாங்க. அந்த ஊர் பேர் மட்டும் வாணாம் தம்பி, நான் கேட்டேன்னு அவர் கைல சொல்லாதன்னு கெஞ்சினாங்க. உன் கோவத்தத் தாங்கிக்கலாம்னு நான் வாய மூடிகினு இருந்தேன்."

அவன் போன பிறகு மோட்டாருக்கு எண்ணெய் போட்டேன்.

அக்டோபர் 10, வியாழன்

எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

அவளாகச் சொல்வாள் என்று இரண்டு நாள் பார்த்தேன். சொல்லவில்லை. தணிகாசலம் எனக்குச் சொல்லிவிட்டான் என்று அவளுக்குத் தெரியும். ஊரில் ஒரு விஷயம் எவ்வளவு நேரம் தங்கும்? நான் சாப்பிடும்போது கேட்டேன்.

"எதுக்குப் போய்க் கேட்ட?"

"கேட்டேன்."

"படிக்கத் தெரியாதவ நீ. அங்க இன்னா எழுதினா உனக்கின்னா?"

"எனக்குத் தெரியாது. அதுக்குத் தெரியும்" என்றாள்.

யார் என்று கேட்கப் போனேன். கேட்கவில்லை. காஷ்மீர்க் குளிர் என்று அன்றைக்குக் காதில் விழுந்தது. பால் திரியாதிருந்தது.

"யோகத்தோட பொண்ணு போனது அந்த மாசம்தான். அந்த ஊர்லதான்" என்றாள் பட்டம்மாள். "மொத நாளு அளவு எடுக்க வந்தப்ப செவுத்துல இவன் போட்டோவப் பாத்துச்சு. எங்க போச்சு புள்ளன்னு கேட்டுச்சு. அப்பதான் தன் பொண்ணப் பத்தி சொல்லி அழுதுட்டு உக்காந்துகினு இருந்துச்சு. நான் இன்னா சொல்லுவேன்? வாயில வந்தத சொன்னேன். அப்புறம் மாத்த முடியல."

"என் பையன் எந்தக் கொழந்தையும் கொல்லல."

"நான் சொன்னனா?"

"செல்லு போட்டது யார்னு எவனுக்குத் தெரியும்? இவன் துப்பாக்கி வெச்சிருந்தவன். செல்லு போடறவன் வேற."

"நான் ஒண்ணும் சொல்லலியே" என்றாள். ரசம் ஊற்றினாள். எனக்கு அப்போது ரசம் வேண்டியிருக்கவில்லை.

பொய் சொன்னவள் அவள். என் மகனை முப்பது வருஷம் காஷ்மீரில் வைத்திருந்தவள் அவள். இந்த வீட்டிலேயே அவனுக்கு இடம் இல்லாமல் போனது எனக்குத் தெரியாமல் போயிற்று. ஊரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 14, திங்கள்

பட்டறைப் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். சும்மா பார்க்கத்தான். வெட்டிய எழுத்துக்குள் கல்தூளும் பிசினும் வைத்து அடைத்தால் தெரியாமல் இருக்குமா என்று ஸ்தபதியிடம் கேட்டது பொதுவாகத்தான். வேறு எங்காவது பிசகாகிவிட்டால் என்ன செய்வார்கள் என்று தெரிந்துகொள்ள.

"அடைச்சாலும் மழைக்கு வெளிய வரும் பெரியவரே. அதில்லாம அது பாத்துகினு இருக்குது" என்றான். என்னிடம் கோபமாக இருக்கிறான். இன்று தேநீர் சொல்லவில்லை.

எழுத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. அது சரியான எழுத்து.

அக்டோபர் 20, ஞாயிறு

விழா முடிந்தது. எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

பிரமுகர் வந்தார், மாலை போட்டார், கீழே ஒரு எழுத்தைக்கூடப் பார்க்கவில்லை, போனார். பியூகிள் ஊதினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். தணிகாசலம் என்னை முன்வரிசையில் உட்கார வைத்தான். பட்டம்மாள் வரவில்லை என்று சொல்லியிருந்தாள். யோகேஸ்வரி வந்துவிடக்கூடாது என்று முந்தின நாளே முகாமுக்கு ஆள் அனுப்பி, தனக்குக் காய்ச்சல், வராதே என்று சொல்லியிருக்கிறாள்.

காய்ச்சல் என்றால் அவள் வராமல் இருப்பாளா? வீட்டுக்குப் போயிருக்கிறாள். பட்டம்மாள் நன்றாக இருப்பதைப் பார்த்ததும், நீங்கள் துக்கத்தில்தான் போகாமல் இருக்கிறியள், நான் கூட்டிக்கொண்டு போறன் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது இரண்டு பேரும் வந்தார்கள். யோகேஸ்வரி கையில் செவ்வந்திப் பூ.

பட்டம்மாள் சிலைக்குக் கிட்டே வரவில்லை. தூரத்திலேயே நின்றுவிட்டாள். யோகேஸ்வரி அவளுக்குக் கேட்கட்டும் என்று உரக்க மேலிருந்து படித்துக்கொண்டு வந்தாள். எப்போதும் அவளுக்குப் படித்துச் சொல்கிற குரலில். சின்னப்பன், சிப்பாய், பிரான்ஸ். ஏழுமலை, பர்மா. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பூ வைத்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் மறித்திருக்கலாம். வெயிலில் முழங்கால் பிடித்துக்கொண்டிருந்தது.

"கஜேந்திரன், சிப்பாய்" என்றாள். அதற்குப் பிறகு குரல் வரவில்லை.

பூவை வைக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. திரும்பிப் பட்டம்மாளைப் பார்க்கவில்லை. என்னிடம் வந்தாள். முப்பது வருஷத்தில் முதல் முறை என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"யாழ்ப்பாணத்தில எவடம் ஐயா?"

எனக்குப் புரியவில்லை.

"எந்த ஊர்? எந்தத் தெரு? யாழ்ப்பாணம் எண்டு சும்மா எழுதினா, அது பெரிய இடமெல்லே. எவடத்தில நிண்டவர் பிள்ளை?"

"தெரியாது" என்றேன். "அவங்க சொல்லல."

அவள் தலையை ஆட்டினாள். பூவை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள். பட்டம்மாள் அவளைக் கூப்பிட்டாள். யோகம், யோகம் என்று கூப்பிட்டாள். ஊரே பார்த்தது.

அக்டோபர் 27, ஞாயிறு

தீபாவளி. அதிரசம் செய்யவில்லை. கார்கில் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பினார்கள். கொண்டுவந்த பையன், யாழ்ப்பாணம் வீடு இதுதானே என்று கேட்டுவிட்டுக் கொடுத்தான். யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இவ்வளவு வருஷம் காத்திருந்த பெயர். பட்டம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

யோகேஸ்வரி வரவில்லை. விளக்கு இந்த வருஷம் ஏற்றவில்லை.

நவம்பர் 4, திங்கள்

பட்டம்மாள் என்னோடு சண்டை போடவில்லை. சண்டை போட்டால் பதில் சொல்லலாம். மாத்திரை அட்டையை என்னிடம் நீட்டினாள், படித்துச் சொல் என்று. படித்தேன். காலையில் போட வேண்டியது, இரவில் போட வேண்டியது. கையில் வாங்கிக்கொண்டு போனாள். இத்தனை வருஷத்தில் இன்றுதான் என்னிடம் கேட்டாள். நான் அதற்காகச் சந்தோஷப்படவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

முகாமுக்குப் போனேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்றுதான். மன்னிப்புக் கேட்க அல்ல.

வாசலில் போலீஸ்காரர் யாரைப் பார்க்க வேண்டும் என்றார். பெயரைச் சொன்னேன். என்ன வேண்டும் உங்களுக்கு என்றார். உறவைக் கேட்கிறார். ஜாக்கெட் தைக்க என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு விட்டார்.

ஓட்டு வீடுகள், ஒன்றோடு ஒன்று ஒட்டி. அவள் வாசலில் தையல் மெஷினைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். நாற்காலி கொண்டுவந்து போட்டாள். நான் உட்காரவில்லை.

"என் பையன் போவச் சொன்ன எடத்துக்குப் போனான்" என்றேன். வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன், அதுதான் முதலில் வந்தது.

"ஓம்" என்றாள். "நாங்கள் இருந்த இடத்தில இருந்தனாங்கள்."

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"எழுதினது தப்பில்ல. நெசத்ததான் எழுதினேன்."

"பிழையெண்டு நான் சொல்லேல்லயே ஐயா. உங்கட பிள்ளை, நீங்கள் எழுதத்தானே வேணும்." மெஷினில் இருந்த துணியை நீவிவிட்டுக்கொண்டே பேசினாள். "அக்காவில எனக்குக் கோவம்தான். ஒண்டையும் மறைக்காம எல்லாம் சொன்னனான் அவவுக்கு. ஆறட்டும். ஆறினாப் பிறகு வாறன் எண்டு சொல்லுங்கோ. ஆனா அந்தக் கல்லுக்கு நான் இனி வரமாட்டன்."

"வா-ன்னு நான் கூப்புடல."

"தெரியும்."

பக்கத்து வீட்டில் யாரோ மீன் பொரித்தார்கள். ஒரு கோழி என் காலடியில் வந்து நின்றது. போய்விடலாம் என்று திரும்பினேன். அவள் சொன்னாள், என்னிடம் அல்ல, துணியிடம் சொல்கிற மாதிரி:

"உங்கட பிள்ளைக்கு ஊர்ப் பேர் இல்லையெண்டு சண்டை பிடிச்சியள். என்ர பிள்ளைக்குக் கல்லே இல்ல. அவடத்திலயே தாட்டனாங்கள், வீட்டுக்குப் பின்னால. இப்ப அதுக்கு மேல ஆரோ வீடு கட்டிப்போட்டினமாம்."

"பேரு இன்னா?" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏன்?"

ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. "சும்மாதான். பேரு இன்னான்னு."

"சொல்லமாட்டன்" என்றாள். "நீங்கள் எங்கயாவது எழுதிப்போடுவியள்."

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. பெயரைக் கேட்டால் சொன்னால் என்ன? நான் என்ன எடுத்துக்கொண்டா போய்விடுவேன்? வீட்டுக்கு வந்து, ஆறினால் வருகிறேன் என்று யோகேஸ்வரி சொன்னதைப் பட்டம்மாளிடம் சொன்னேன். முகாமுக்கா போனாய் என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். பிறகு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இப்போது எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிகிறது. அவள் சொல்லியிருந்தால் இந்தப் பக்கத்தில் எழுதியிருப்பேன்.